கேட்டவர் குறிப்பு

வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் வாசலில் நிற்கும் காவலரே விழிப்பார். "கமாக்கா எங்க?" என்று கேட்டுப் பாருங்கள். லிஃப்ட் இயக்குபவர் முதல் துணைவேந்தரின் கார் டிரைவர் வரை எல்லாரும் ஒரே திசையில் கை நீட்டுவார்கள். மருத்துவமனைக் கட்டடம், தரைத்தளம், இடதுபக்க நடை, சலவைத் துணி கொடுக்கும் ஜன்னலுக்கு அடுத்த அறை.

பல்கலைக்கழகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தமிழில் கொண்டுவரும் மருத்துவ ஆய்விதழுக்கு அந்த அறைதான் அலுவலகம். இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கூரை வரைக்கும் பழைய இதழ்கள். ஆசிரியராக ஒரு பேராசிரியர், பக்கம் அமைக்க ஒரு டைப்பிஸ்ட், பிழை திருத்தக் கமாக்கா. மொத்தப் பட்டாளமே அவ்வளவுதான். அறைக்கும் சலவை ஜன்னலுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு, அதுவும் கூரையைத் தொடாத தடுப்பு. அங்கே துணிக்காக நிற்பவர் தும்மினால் இங்கே தாள் பறக்கும்.

பிழை பார்க்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. அச்சகத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. கட்டுரையாளர் கொடுத்த பிரதி டைப்பிஸ்ட் கையில், அச்சுக்குப் போகும் தாள் அவள் கையில். அவள் ஓர் எழுத்து விடாமல் உரக்க வாசிப்பாள். அவர் விரலை ஓட்டிக்கொண்டே ஒத்துப் பார்ப்பார். "செவிலியர்கள் கமா உதவியாளர்கள் கமா ஓட்டுநர்கள் ஆகியோர் வந்தனர் புள்ளி" என்று குறிகளையும் சேர்த்தே வாசிப்பாள். பட்டப்பெயர் வந்த கதை அதுதான். மகளின் பள்ளிச் சுற்றறிக்கையைக்கூட அவளுக்கு வேறு மாதிரி வாசிக்க வராது. "எங்க வீட்டுல கமா நிறைய விழும், புள்ளி மட்டும் விழவே விழாது" என்று பஸ் ஓட்டும் அவள் கணவர் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார். அவளும் சளைத்தவள் இல்லை. "நாள் பூரா பிரேக் போட்டுப் போட்டு உங்களுக்கு எதைப் பாத்தாலும் நிறுத்தணும்னு தோணுது" என்று திருப்பிக் கொடுப்பாள்.

இதழின் வரலாற்றையே மாற்றியது ஒரு பிழை. அதைச் செய்ததும் பிழை திருத்துகிற இந்த அம்மாள்தான். அந்தக் கூத்தைக் கேளுங்கள்.

ஒரு காலையில் ஆம்புலன்ஸ் சேவை பற்றிய கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தாள். "அழைப்பு வந்ததிலிருந்து வண்டி நோயாளியை அடையச் சராசரியாகப் பதினான்கு நிமிடம் ஆகிறது புள்ளி" என்றதும் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் சீறியது. வெள்ளை விரிப்பு வாங்க வந்து நின்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர்.

"யாருங்க அது பதினாலு நிமிஷம்னு எழுதினது? பின்கேட்டு பூட்டியே கிடக்கு. சாவிக்காரரைத் தேடிப் புடிச்சு வெளிய வரவே எட்டு நிமிஷம் ஆகுது. வண்டி கேட்டைத் தாண்டினப்புறம்தான் கடிகாரத்தைப் பாத்திருக்காங்க போல!"

பேராசிரியரிடம் காட்டலாமே என்று கமாக்கா அதைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் அப்படியே குறித்துவைத்தாள். காட்ட மறந்தாள். டைப்பிஸ்டோ ஓரத்தில் எது இருந்தாலும் கேள்வி கேட்காமல் பக்கத்துக்குள் ஏற்றிவிடுகிற உத்தமர். இதழ் அச்சாகி வந்தபோது, கட்டுரைக்குக் கீழே, 'பின்கேட்டு' முதல் 'போல' வரைக்கும், ஆச்சரியக்குறியோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

பேராசிரியர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். கட்டுரை எழுதியவர் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினார். அதே வாரத்தில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் இதழைப் படித்துவிட்டுப் பின்கேட்டுப் பூட்டைக் கழற்றச் சொன்னார். கட்டுரையாளர் கோபம் தணிந்து, கடிகாரத்தோடு ஆம்புலன்சில் ஏறி உட்கார்ந்து மறுபடி அளந்தார். இருபத்திரண்டு நிமிடம். திருத்தத்தை அவரே எழுதி அனுப்பினார். பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் தோற்றதை ஒத்துக்கொள்ளும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேதான் பேசுவார். அன்றும் துடைத்தார்.

"கமாம்மா, இனிமே எந்தக் கட்டுரை வந்தாலும், அது யாரைப் பத்தினதோ அவங்க காதுல விழற மாதிரி வாசிச்சுடுங்க. அவங்க சொல்றதையும் கீழ போட்டுடுவோம். அறிஞர் ரெண்டு பேரு படிச்சுப் பாக்குறாங்கல்ல, இவங்க மூணாவதா இருக்கட்டும்."

'கேட்டவர் குறிப்பு' என்ற பகுதி இப்படித்தான் பிறந்தது. பதினொரு வருடம் ஓகோவென்று ஓடியது. கமாக்கா தாளைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போவாள், சிறுநீரகப் பிரிவுக்குப் போவாள், பிணவறைக்குக்கூடப் போனாள். பாதிப் பேர் "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்று முடித்துக்கொள்வார்கள். அதையும் அச்சிடுவார்கள். மீதிப் பேர் சொல்வதில் சில சமயம் கட்டுரையே ஆட்டம் கண்டுவிடும்.

பிறகு பட்டியல் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று உலகத்து ஆய்விதழ்களை எல்லாம் சலித்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உள்ள இதழில் எழுதினால்தான் ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வு என்று பல்கலைக்கழகம் ஒரு விதி போட்டது. தமிழில் வரும் இதழுக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது, தரம் எப்படி இருந்தாலும் சரி. யாரைக் குற்றம் சொல்வது? இதழுக்குப் பன்னிரண்டு கட்டுரை வந்த இடத்தில் ஏழு வந்தது, அப்புறம் மூன்று.

"நம்மளை ஆண்டவங்க கப்பலேறிப் போயி எத்தனை காலமாச்சு" என்று பேராசிரியர் ஒருநாள் வெடித்தார். "நம்ம ஆஸ்பத்திரில, நம்ம நோயாளியப் பத்தி, நாம எழுதினது சரியா தப்பான்னு சொல்றதுக்கு இன்னும் அங்கிருந்து முத்திரை வரணுமாம். இவங்க போனாங்களா இல்லையான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு."

பதிவாளருக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. பல்கலைக்கழகத்தில் கையெழுத்து எல்லாம் அவர் கையில். கசங்காத சட்டை, கசங்காத பேச்சு. பட்டியல் வைத்திருக்கும் அதே கம்பெனி இதழை எடுத்து நடத்த முன்வந்திருக்கிறது, இனிமேல் நம் இதழும் பட்டியலில் வந்துவிடும் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றை ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு அனுப்பினார். அதைப் பார்த்து எல்லாரும் தலையாட்டினார்கள். இதழ் ஆங்கிலத்துக்குப் போகும், 'கேட்டவர் குறிப்பு' போகும், கமாக்கா ஆவண அறைக்குப் போவாள் என்பது அந்தச் சுருக்கத்தில் இல்லை. அறைக்கே வந்து வாய்மொழியாகச் சொன்னார், ஏதோ நல்ல செய்தி சொல்வது போல.

வேலை போகாது என்பது அவளுக்கும் தெரியும். ஆவண அறையில் மின்விசிறிகூட நன்றாகச் சுற்றும். ஆனால் அன்று முழுக்க அவள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். பிணவறை ஊழியர் ஒருவர் தன் பெயர் அச்சில் வந்த பக்கத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாரே, இனி அந்த மாதிரி மனிதர்களின் பேச்சை எந்தக் காகிதம் ஏற்றுக்கொள்ளும்? அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இதழ் பிழைக்க வேண்டும். பிழைத்தால் இப்படியே பிழைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தோல் டாக்டர் வந்தது இந்த நேரத்தில். முப்பத்தைந்து வயசு, நடந்தாலே ஓடுகிற மாதிரி இருக்கும். மருத்துவமனைச் சலவைக்கூடத்துப் பெண்கள் இருபத்தெட்டுப் பேருக்குக் கையில் வரும் புண்ணைப் பற்றி இரண்டு வருடம் உழைத்துக் கட்டுரை எழுதி, பட்டியலில் உள்ள ஒரு பெரிய இதழுக்கு அனுப்பியிருந்தாள். 'இது உங்கள் ஊருக்கு மட்டும் உரிய பிரச்சினை. எங்கள் வாசகர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று விளக்கவும்' என்று பதில் வந்திருந்தது.

"மூணு தடவை விளக்கிட்டேன் அக்கா. நாலாவது தடவைக்கு எனக்குத் தெம்பில்ல. தமிழ்ல எழுதிட்டேன். பதவி உயர்வு கிடைக்கலன்னாலும் பரவால்ல, நீங்க போடுங்க."

கமாக்கா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "ஏன் டாக்டர், அவங்க ஊர்க் கையில வந்தா உலகப் புண்ணு, நம்ம ஊர்க் கையில வந்தா உள்ளூர்ப் புண்ணா?"

டாக்டர் அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

சலவைக்கூடம் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் தெரியாது, அவ்வளவு ஆவி. பெரிய பெரிய தொட்டிகளில் வெந்நீர். அதிலிருந்து விரிப்புகளைக் கையால் தூக்கிப் பிழிந்து மேடையில் போடவேண்டும். பிழியும் இயந்திரம் ஒன்று மூலையில் இருக்கிறது, ஓடுகிற நாள் குறைவு. காலை வேளைக்காரர்களும் மாலை வேளைக்காரர்களும் ஆள் மாறும் தேநீர் நேரத்தில் கமாக்கா ஒரு துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் டாக்டர் நின்றாள். எதிரில் இருபத்தெட்டுப் பெண்கள், நடுவில் அவர்களுடைய மேஸ்திரியம்மா. அந்த அம்மாவின் குரலுக்கு இயந்திரமே பயந்து நிற்கும் என்று சொல்வார்கள்.

கட்டுரை சொன்னது இதுதான்: புண்ணுக்குக் காரணம் சலவைத்தூள். தீர்வு, எல்லாரும் கட்டாயமாக ரப்பர் கையுறை அணிவது. "கையுறை அணிபவர்களிடமே புண் அதிகமாகக் காணப்படுகிறது கமா புண் வந்த பிறகே அவர்கள் கையுறை அணியத் தொடங்குவது இதற்குக் காரணம் புள்ளி" என்று கமாக்கா வாசித்த இடத்தில் மேஸ்திரியம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் நிறுத்தும்மா. டாக்டரம்மா, புண்ணு வந்தப்புறம்தான் உறை போடுறோம்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. அப்படித்தான் இருக்கணும்னு..."

"இருக்கணுமா? இருபது வருஷமா இதே தூள்லதான் துவைக்கிறோம். புண்ணு வந்தது மூணு வருஷமாத்தான், இந்த ரப்பர் உறையைக் குடுத்ததுக்கு அப்புறம். விரிப்பைத் தூக்குறப்ப வெந்நீர் மேல்வழியா உள்ள இறங்கிடுது. போட்டவங்க நடுவுல கழட்டினா சூப்பர்வைசர் கத்துறாரு. ஆறு மணி நேரம் கை அதுக்குள்ளயே வேகுது. போட்டதாலதாம்மா புண்ணு வந்தது!"

சொன்னதோடு நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து, உறையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தாள். சொளசொளவென்று தண்ணீர் டாக்டரின் செருப்பில் கொட்டியது. அந்தப் பெண்ணின் விரல்கள் வெளுத்து ஊறிப்போய், இடுக்குகளில் சதை பிளந்து கிடந்தது.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "இதை நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எங்கம்மா கேட்டீங்க? தூள் எத்தனை கரண்டி, மிஷின் எந்தக் கம்பெனி, இதைத்தானே திரும்பத் திரும்பக் கேட்டீங்க!"

அது உண்மை. டாக்டர் பயன்படுத்திய கேள்விப் படிவம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தயாரித்தது. நாற்பத்திரண்டு கேள்வி. எல்லாம் இயந்திரமே துவைத்து இயந்திரமே பிழிகிற ஊர்க்காரர்கள் யோசித்த கேள்வி. அதில் கையுறை தீர்வுப் பகுதியில் மட்டும்தான் இருந்தது, அணிகிறீர்களா இல்லையா என்று. எப்போதிலிருந்து, எத்தனை மணி நேரம், உள்ளே தண்ணீர் போகிறதா என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. பட்டியல் இதழில் வேறு படிவம் செல்லாது என்பதால் டாக்டரும் அதையே கொண்டுபோய் நீட்டியிருக்கிறாள்.

"என் ரெண்டு வருஷத்தை ஒரு உறைத் தண்ணியில ஊத்திட்டாங்க" என்று படியேறும்போது டாக்டர் கத்தினாள். கமாக்கா தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். அவளுக்கு எப்போது பேசக்கூடாது என்பதும் தெரியும்.

மூன்றாம் நாள் டாக்டர் தானாகவே கீழ்த்தளத்துக்குப் போனாள். கண்காணிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி, பெண்களிடம் சம்மதம் எல்லாம் வாங்கினாள். காலை வேளைக்காரர்கள் பதினான்கு பேரும் ரப்பர் உறைக்குள்ளே பருத்தி உறை போட்டுக்கொண்டார்கள், அரைமணிக்கு ஒருமுறை கழற்றிக் கையைத் துடைத்தார்கள், விரிப்பைத் தூக்க நீளக் கோலைப் பயன்படுத்தினார்கள். கோல் யோசனை மேஸ்திரியம்மாவுடையது. மாலை வேளைக்காரர்கள் பழையபடியே வேலை செய்தார்கள். ஆறு வாரம் கழித்து டாக்டர் அறைக்குள் ஓடிவந்து மேசையில் தாளைப் போட்டாள். பதினான்கில் பதினொரு பேருக்குப் புண் ஆறிவிட்டது. மாலைக்காரர்களில் ஆறியது ஒருவருக்கு மட்டும். அன்றே மாலைக்காரர்களுக்கும் முறையை மாற்றிவிட்டுத்தான் கட்டுரையைத் திரும்ப எழுத உட்கார்ந்தாள்.

"அக்கா, எழுதினவங்க பேருல ரெண்டாவதா மேஸ்திரியம்மா பேரு வரணும். கண்டுபிடிச்சது அவங்க. நான் எண்ணினேன், அவ்ளோதான்."

இது பதிவாளர் காதுக்கு எப்படியோ போய்விட்டது. மறுநாளே வந்து நின்றார். "ஏழாவது படிச்சவங்க பேரை ஆய்வுக் கட்டுரைல போட்டா கம்பெனிக்காரங்க என்ன நினைப்பாங்க?"

"படிச்சுப் பாத்துட்டு நினைப்பாங்க சார்" என்றாள் கமாக்கா.

இதழ் வந்தது, மேஸ்திரியம்மாவின் பெயர் இரண்டாவதாகவே இருந்தது. வந்த வேகத்தில் தீர்ந்தது. மூன்று மருத்துவமனைகள் சலவைக்கூட விதியை மாற்றிக்கொண்டதாக எழுதின. கடல் தாண்டிய ஒரு மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியர், தமிழ் தெரிந்தவர், தங்கள் சலவைக்காரர்களுக்கும் இதே புண் என்றும் கட்டுரையை வாய்மொழியாக மொழிபெயர்த்துச் சொன்னதாகவும் எழுதியிருந்தார். உள்ளூர்ப் புண்ணாம் உள்ளூர்ப் புண்! கமாக்கா அந்தக் கடிதத்தைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி மூன்று தடவை வாசித்தாள்.

ஆனால் பதிவாளர் அசைந்து கொடுக்கவில்லை. வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஆட்சிக்குழு, ஒப்பந்தத்தில் கையெழுத்து. பல்கலைக்கழக விதிப்படி ஒப்பந்தம் இரண்டு மொழியிலும் இருக்கவேண்டும், இரண்டும் ஒத்துப்போவதாகப் பிழை திருத்துபவர் சான்று தரவேண்டும். இதழை மூடும் காகிதத்துக்குச் சான்று தரவேண்டியது கமாக்கா! முப்பத்தொரு பக்க ஒப்பந்தம் புதன் மாலைதான் அவள் கைக்கு வந்தது.

வீட்டில் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். "அங்க எல்லாரும் பெரிய பெரிய படிப்பு. எனக்கு வாயைத் தவிர என்ன இருக்கு, சொல்லுங்க?"

"அந்த வாய்க்குப் பயந்துதானே நான் பதினெட்டு வருஷமா நேரத்துக்கு வீடு வர்றேன்" என்றார் அவர். "அவங்க ஒன்பது பேரு. ஒரு பஸ்ஸுல கால்வாசிகூட இல்ல. போய்ட்டு வா."

மறுநாள் ஆட்சிக்குழு அறை. நீள மேசை, ஒன்பது நாற்காலி, ஒவ்வொருவர் முன்னாலும் மூடி போட்ட தண்ணீர்க் குவளை. பேராசிரியருக்கு மூலையில் ஒரு ஸ்டூல், கமாக்காவுக்கும் டைப்பிஸ்டுக்கும் அதுவும் கிடையாது. பதிவாளர் பேனாவைத் திறந்து நீட்டினார். "ஒத்துப் பார்த்தாச்சுன்னு ஒரு கையெழுத்து போடுங்கம்மா, போதும்."

"இன்னும் ஒத்துப் பாக்கல சார்."

"ஏன்?"

"நாங்க உரக்க வாசிச்சுத்தான் ஒத்துப் பாப்போம். இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான். நேத்து சாயங்காலம்தான் கைக்கு வந்துச்சு. இங்கேயே வாசிச்சுடறேன்."

பதிவாளர் அவசரமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு ஒப்பந்தத்தின் கனத்தைப் பார்த்தார். "முழுசா இதைப் படிச்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று மேசையைச் சுற்றிக் கேட்டார். எல்லாரும் தண்ணீர்க் குவளையைப் பார்த்தார்கள். "சரி, வாசிங்க."

டைப்பிஸ்ட் ஆங்கிலப் பிரதியில் விரலை வைத்தார். கமாக்கா ஆரம்பித்தாள். முதல் பத்துப் பக்கத்துக்குக் குறட்டை வராத குறைதான். பதினோராம் பக்கத்தில் நிமிர்ந்தார்கள்.

"இதழில் வெளிவரும் கட்டுரைகள் யாவும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கவேண்டும் புள்ளி. ஆசிரியர் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினரைக் கம்பெனியே நியமிக்கும் புள்ளி. உரிய பட்டம் பெறாதவர்களின் கருத்து இடம்பெறும் பகுதிகள் நீக்கப்படும் புள்ளி."

"சுருக்கத்துல இது இல்லையே?" என்றார் ஒருவர்.

"விவரத்துல இருக்கும்னு..." என்று பதிவாளர் இழுத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

கமாக்கா நிறுத்தவே இல்லை. "இதுவரை வெளிவந்த இருபத்தெட்டு ஆண்டு இதழ்களும் கம்பெனியின் உடைமையாகும் புள்ளி. கட்டுரையை எழுதியவர் கமா அதனைத் தம் மாணவர்களுக்குப் படியெடுத்துத் தரவோ கமா பொது இடத்தில் உரக்க வாசிக்கவோ விரும்பினால் கமா கம்பெனியிடம் எழுத்துமூலம் அனுமதி பெறவேண்டும் புள்ளி."

அறுவைசிகிச்சைத் துறைத் தலைவர் மேசையில் ஓங்கி அடித்ததில் குவளை மூடிகள் குதித்தன. அந்த மனிதரின் முதல் கட்டுரை வெளிவந்தது இந்த இதழில்தான். "என்னய்யா அநியாயம் இது! நான் எழுதினதை என் பசங்களுக்கு வாசிச்சுக் காட்ட நான் எவன்கிட்ட போய் நிக்கணும்?"

அதற்கப்புறம் ஆளுக்கு ஆள் பேசினார்கள். பட்டியலுக்காகத் தன் துறையில் யாரும் ஊர் நோயைத் தொடுவதே இல்லை, வெளிநாட்டு இதழுக்குப் பிடித்த நோயாகத் தேடிப் போகிறார்கள் என்றார் ஒருவர். கையுறைக் கட்டுரையைப் படித்தீர்களா என்றார் இன்னொருவர். படித்திருந்தார்கள், ஒன்பதில் ஆறு பேர். பேராசிரியர் மூலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், இந்த முறை தோற்றதால் இல்லை. துணைவேந்தர் ஒப்பந்தத்தை மூடிக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பச் சொன்னார். பதவி உயர்வு விதியையும் இன்றே மாற்றிவிடுவோம், தீர்மானம் எழுதுங்கள் என்றார். அதை எழுதும் பொறுப்பு, பாவம், பதிவாளருக்கே விழுந்தது. எழுதி முடித்த தாளைத் துணைவேந்தர் கமாக்காவிடம் நீட்டினார்.

"இதையும் வாசிச்சுடுங்கம்மா."

"நமது ஆய்விதழில் வெளிவரும் கட்டுரைகள் கமா வெளிநாட்டுப் பட்டியலில் உள்ள இதழ்களின் கட்டுரைகளுக்கு இணையானவையாகக் கருதப்பட்டு கமா பதவி உயர்வுக்கு ஏற்கப்படும் புள்ளி."

எல்லாரும் கை தூக்கப் போனார்கள். கமாக்கா தாளைக் கொடுக்கவில்லை. பிழை திருத்துகிறவள் எழுத்துப் பிழையைத் திருத்தலாம், சொல்ல வந்த விஷயத்தில் கை வைக்கக்கூடாது. அது அந்தத் தொழிலின் சட்டம், அவள் ஒருநாளும் மீறியதில்லை. அன்று மீறினாள்.

"சார், இதுல ஒரு தப்பு இருக்கு."

"என்ன தப்பு?" பதிவாளர் எரிந்து விழுந்தார்.

"நம்ம பசங்க எழுதினதை நாம மதிக்கிறோம். அதைச் சொல்றதுக்கு அவங்க பட்டியலை எதுக்கு சார் நடுவுல கொண்டாந்து உக்கார வெக்கணும்? இணையா, கூடவா, குறைவான்னு இவ்வளவு நாளும் அவங்க பக்கத்துல நின்னு அளந்ததாலதானே சார் நாம மூணு கட்டுரைக்கு வந்து நின்னோம்? அந்தக் கையுறை உள்ளார தண்ணி இருந்தது அவங்க பட்டியலுக்குத் தெரியலயே. எங்க மேஸ்திரியம்மாவுக்குத் தெரிஞ்சுதே!"

துணைவேந்தர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, அப்புறம் வயிறு குலுங்க.

"அடிச்சுடுங்க" என்றார். "நீங்களே அடிங்கம்மா. உங்க சிவப்புப் பேனாவாலயே."

கமாக்கா அந்த நீள மேசையில் தாளை வைத்து, குனிந்து, 'வெளிநாட்டுப் பட்டியலில்' முதல் 'கருதப்பட்டு' வரைக்கும், இரு பக்கத்துக் கமாவையும் சேர்த்து, ஒரே இழுப்பாக இழுத்து அடித்தாள். நிமிர்ந்து, மிச்சமிருந்ததை வாசித்தாள்.

"நமது ஆய்விதழில் வெளிவரும் கட்டுரைகள் பதவி உயர்வுக்கு ஏற்கப்படும் புள்ளி."

ஒன்பது கையும் உயர்ந்தது. பதிவாளர் கையெழுத்துப் போட்டார். கமாக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, இத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம் துளியும் இல்லாமல் அப்படியே நின்று அழுதாள், அவ்வளவு சந்தோஷம்.